புழலுக்குள் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் உயர் பாதுகாப்புப் பிரிவுகளை விரிவுபடுத்த வேண்டும் என்று வலியுறுத்தி, தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செல்போன் அலையைத் தடுக்கும் ஜாமர், கூடுதல் கேமரா, உயரமான மதில், தனித்தனி அறை என்று கட்டுரையாளர் கேட்டிருப்பவற்றில் எதையும் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்னையின் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகவும், பிறகு தலைமை எழுத்தராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரிமாண்ட் வாரண்டும் (நீதிமன்றக் காவலில் வைக்கச் சொல்லும் ஆணை) ஜாமீன் உத்தரவும் எழுதி, முதலில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த பழைய சிறைக்கும், 2006-க்குப் பிறகு அதற்குப் பதிலாகப் புழலில் வந்த புதிய சிறைக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உள்ளே இருப்பவர் வெளியே போய்விடாமல் காப்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் எல்லாம் இருக்கிறது, வெளியே இருப்பவர் கேள்வி கேட்கும் உரிமையோடு உள்ளே போய் வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் ஒரு விளக்கம். ‘உயர் பாதுகாப்புச் சிறை’ என்று ஏதோ தனியாக ஓர் இனம் இருப்பதுபோல் கட்டுரை பேசுகிறது. நம் மாநிலத்தில் மத்திய சிறைகள் ஒன்பது. புழலில் இரண்டு, மற்றவை வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. கடுங்காவல் தேவைப்படுகிறவர்களை இவற்றுக்குள்ளேயே உயர் பாதுகாப்புத் தொகுதி என்று பிரித்து வைக்கிறார்கள். ஆகவே கூலிப்படைத் தலைவன் என்று பெயரெடுத்தவரும், குடிபோதையில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டு முதன்முறையாக உள்ளே வந்தவரும் ஒரே மதிலுக்குள்தான் இருக்கிறார்கள். முன்னவருக்காக இறுக்கப்படும் ஒவ்வொரு விதியும் பின்னவர்மீதும் விழுகிறது. பின்னவர் போன்றவர்கள்தான் அங்கே அதிகம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாடு முழுவதும் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைச் சிறைவாசிகள். நான்கில் மூன்று பங்கு.

சென்னையில் சிறையின் கதை புழலில் தொடங்கவில்லை. வடசென்னையில் ‘ஓல்டு ஜெயில் ரோடு’ என்று இன்றும் ஆட்டோக்காரரிடம் சொல்லி ஏறுகிறோமே, அது அந்தப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த சிறையின் பெயர். நம் தலைமுறை அறிந்த சென்ட்ரல் ஜெயில் 1837-இல் 16,496 ரூபாய் செலவில் கட்டப்பட்டது. ‘பெனிடென்ஷியரி’ என்றுதான் முதலில் அதற்குப் பெயர்; 1855-இல் மத்திய சிறை ஆயிற்று. அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் வந்த பிறகு, கப்பலேற்றப்பட வேண்டியவர்களை அடைத்து வைக்கும் இடமாகவும் அது பயன்பட்டது. 1932-இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். 1996-இல் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவும், 2001-இல் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதியும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

அந்தச் சிறை எழுந்த சமயத்தில்தான், மெக்காலே முன்மொழிந்து அமைந்த சிறை ஒழுங்குக் குழு கல்கத்தாவில் உட்கார்ந்து தன் அறிக்கையைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1838-இல் வந்த அந்த அறிக்கைக்குக் கைதியைத் திருத்துவதில் நம்பிக்கை இல்லை. சலிப்பும் கடுமையும் நிறைந்த உழைப்பால் அச்சுறுத்துவதே சிறையின் வேலை என்று அது கருதியது. சீர்திருத்தமும் சிறையின் நோக்கம்தான் என்று அரசாங்கக் குழு ஒன்று தெளிவாக எழுதுவதற்கு அதன்பின் எண்பது ஆண்டுகள் ஆயின. 1919-20-இல் செயல்பட்ட அந்தச் சிறைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் இருந்த சர் அலெக்சாண்டர் கார்டியூ என்பதை இங்கே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் வந்தது. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இந்த நூற்றாண்டிலும் நம் சிறைகள் நடந்து வந்திருக்கின்றன. தமிழ்நாடு சிறை விதிகள் 1983-இல் புதிதாக எழுதப்பட்டாலும் அவை அந்தச் சட்டத்தின் கிளைகளே. அரசியல் சட்டத்தில் சிறை என்பது மாநிலப் பட்டியலில் இருப்பதால், 2023-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தயாரித்து அனுப்பிய மாதிரிச் சட்டத்தை ஏற்பதும் மாற்றுவதும் நம் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. உயர் பாதுகாப்புச் சிறைகளும் செல்போனுக்குத் தண்டனையும் அந்த மாதிரியில் இருக்கின்றன. திறந்தவெளிச் சிறையும் இருக்கிறது. கட்டுரையாளர் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பழைய சிறைக்கு ஒரு நன்மை இருந்தது, அது ஊரின் நடுவில் இருந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அடுத்து, சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். ‘மனு’ பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க வருகிற தாய்மார்கள், ஆந்திர எல்லையிலிருந்து ரயிலேறினாலும் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறினாலும், இறங்கி நடந்தே வந்துவிடுவார்கள். உயர் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டுச் சாப்பாட்டு வேளையில் தங்கள் வழக்கின் கட்சிக்காரரைப் பார்த்துவர இளம் வழக்கறிஞர்களால் முடியும். உள்ளே ஒரு சத்தம் கேட்டால் மருத்துவக் கல்லூரி விடுதிக்கு அது கேட்கும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, ஊருக்கும் சிறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது.

அப்படி இருந்தும் அந்தச் சுவருக்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாமல்தான் இருந்தது. 1999 நவம்பரில், குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்த செய்தி பரவியதும் உள்ளே வெடித்த கலவரத்தில், துணை ஜெயிலர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் சிறைவாசிகள் பலர் மாண்டார்கள். அன்று சென்ட்ரல் பக்கம் பேருந்துகள் திருப்பி விடப்பட்டு, நாங்கள் கோப்புகளை மூடி வைத்துவிட்டு வானொலிச் செய்திக்குக் காத்திருந்தோம். அன்று இறந்த அதிகாரியின் குடும்பத்துக்கும், இறந்த சிறைவாசிகளின் குடும்பங்களுக்கும் என்ன ஆறுதல் சொன்னாலும் போதாது. ஆனால் ஒரு மரணச் செய்தி சில மணி நேரத்தில் நெருப்பாக மாறுகிற அளவுக்கு உள்ளே கோபம் சேர்ந்திருந்தது என்றால், அது ஒரு நாளில் சேர்ந்திருக்காது. சேர்வதை மதில் பார்க்காது, அன்று கேமராவும் இல்லை. இருந்திருந்தாலும் அது கூட்டத்தைப் பார்த்திருக்கும், குறையைக் கேட்டிருக்காது.

அந்தச் சிறையை ஊர் மக்கள் உள்ளே போய்ப் பார்த்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் காலியான பிறகு. 2009-இல் இடிப்பதற்கு முன் பொதுமக்களை அனுமதித்தார்கள். என் மனைவியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். பொருட்காட்சிக்கு வந்ததுபோல் சுண்டல் விற்றார்கள். உள்ளே ஒரு கொட்டடியின் சுவரில், கையெட்டும் உயரத்தில், ஆணியாலோ கரண்டிக் காம்பாலோ கீறிய கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டப்பட்டிருந்தன. கடைசிக் கட்டுக்குள் நான்கு கோடு மட்டும் இருந்தது, அடுத்து வெறும் சுவர். அந்த நான்காம் நாள் அவர் விடுதலையானாரா, வேறு சிறைக்கு மாற்றப்பட்டாரா என்று பேரன் கேட்டான். எந்த நீதிமன்றத்திலாவது அதற்கு ஒரு தாள் இருக்கும் என்று சொன்னேன். அந்த ஆண்டு ஜூனில் இடிப்பு தொடங்கியது. 172 ஆண்டுக் கட்டடம் போய், மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடங்கள் அந்த இடத்தில் எழுந்திருக்கின்றன. நோயாளிகளுக்கு ஆனதுதானே என்று மனம் ஆறினாலும், வ.உ.சி. இழுத்த செக்கைக் கோவைச் சிறையில் காக்கிறோம், பாரதியார் கடலூர்ச் சிறையில் இருந்த நாட்களைப் பேசுகிறோம், தலைநகரச் சிறையைப் பற்றி மட்டும் நினைவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோமே என்ற எண்ணமும் வருகிறது.

புழல், தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்றின் தலைமை ஊர். ஏரிக்கும் செங்குன்றத்துக்கும் போகிற சாலையில் இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வருவது சிறைதான். ஏறத்தாழ 212 ஏக்கர். செலவு சுமார் 77 கோடி ரூபாய். மூவாயிரம் பேருக்கு இடம். தண்டனை பெற்றவர்களுக்கு முதலாம் சிறை, விசாரணையில் உள்ளவர்களுக்கு இரண்டாம் சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை. பழைய சிறையின் நெருக்கடியையும் நாற்றத்தையும் அறிந்தவர் யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார். காற்று வருகிறது, மரம் இருக்கிறது. சாலையோரத்தில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்க் இருக்கிறது. 2023-இல் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கும் அங்கே வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று சிறைத்துறை ஓர் அரங்கு போட்டுச் சிறை நூலகங்களுக்காகப் புத்தகங்களைத் தானமாக வாங்கியது. என் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட இளைஞர், “ஐயா, கதைப் புத்தகம்தான் அதிகம் கேட்கிறார்கள்” என்றார். நல்ல வேலைகள் இவை. ஆனால் பங்க்கில் பெட்ரோல் போடுகிறவரும் அரங்கில் புத்தகம் கொடுக்கிறவரும் சிறையின் வாசலோடு திரும்பி விடுகிறார்கள்.

புழல் தூரம் போனதில் நீதிமன்றத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சிறைவாசியை நீதிமன்றத்துக்கு அழைத்து வர ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வேண்டும். அரசியல் கூட்டமோ திருவிழாவோ வந்துவிட்டால் வழிக்காவல் கிடைக்காது, வாய்தா தள்ளிப்போகும். இதற்கு மருந்தாகக் காணொலி வந்தது, நானும் அதை வரவேற்றவன்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவு, நீதிமன்றக் காவலை நீட்டிக்கச் சிறைவாசியை நேரிலோ காணொலியிலோ காட்டலாம் என்கிறது. வசதிதான். ஆனால் முன்பு பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்த மனிதர் கூண்டில் வந்து நிற்கும்போது, நொண்டுகிறாரா, கை வீங்கியிருக்கிறதா, பேசத் தயங்குகிறாரா என்பது நீதித்துறை நடுவரின் கண்ணுக்குப் படும். பெஞ்ச் கிளார்க்கான என் கண்ணுக்கும் படும். மெல்ல எழுந்து நடுவரின் காதில் சொன்ன நாட்கள் உண்டு. திரையில் தோள் வரைதான் தெரிகிறது. பின்னால் யார் நிற்கிறார் என்பது தெரியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதாகிக் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, ரிமாண்ட் செய்யும் நேரத்தில் ஒரு மனிதரை நின்று பார்ப்பதன் அருமையை நாடே பேசியது. பேசி ஓய்ந்துவிட்டது.

என் பணிக்காலத்தில் நான் மறக்காத ஒரு வாரண்ட் உண்டு. எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். சைக்கிள் திருட்டு வழக்கு. ரிமாண்ட் வாரண்ட்டின் பின்பக்கத்தில் நீட்டிப்புத் தேதியும் நடுவரின் சுருக்கொப்பமும் வரிசையாக விழும். அந்த வாரண்ட்டின் பின்பக்கம் நிறைந்துபோய், கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தி, அதிலும் பாதி நிறைந்திருந்தது. கோப்பைப் புரட்டினால், மூன்றாவது வாரத்திலேயே ஜாமீன் கொடுத்தாகிவிட்டது! இரு நபர் ஜாமீன், தலைக்குப் பத்தாயிரம். அவருக்காக வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்க இரண்டு பேர் இல்லை. வழக்கறிஞர் வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் தரப்பில் யாரும் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போகவில்லை, நான் உட்பட. அவரும் எதுவும் கேட்கவில்லை, ஒவ்வொரு முறையும் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிறையில் யாராவது, அந்த வாரம் உள்ளே போன ஒரு வெளியாள், “ஜாமீன் கிடைத்ததா?” என்று கேட்டிருந்தால் அத்தனை மாதங்கள் போயிருக்காது.

இன்று அதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே ஆராயலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. புதிய சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்கள் போன்ற விலக்குகளைத் தவிர்த்து, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணையிலேயே கழித்தவருக்கும், முதல் தடவை வந்தவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் பிணை தருகிறது. உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடைமுறையில், கழித்த நாட்களை உள்ளே இருப்பவர் எண்ணிச் சொன்னால்தான் பல நேரம் அவை அவருக்குப் பலிக்கும். எண்ணத் தெரியாதவருக்கு யார் எண்ணுவது?

அதற்காகத்தான் அலுவல்சாராப் பார்வையாளர் என்று ஒருவரைச் சட்டம் வைத்திருக்கிறது. இது புதிய சலுகை அல்ல. வெள்ளைக்காரன் எழுதிய 1894 சட்டத்திலேயே சிறைப் பார்வையாளர்களை நியமிக்க விதி செய்யும் அதிகாரம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி, ஆட்சியர் முதலானவர்கள் பதவி வழியாகப் பார்வையாளர்கள். அவர்களோடு ஊரில் நல்ல பெயருள்ள ஓர் ஆசிரியரோ மருத்துவரோ சமூகப் பணியாளரோ நியமிக்கப்பட்டு, தொகுதி தொகுதியாகப் போய்ப் பேசி, சமையற்கட்டைப் பார்த்து, தான் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதலாம். 2015-இல், காவலில் நடக்கும் வதையைப் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாச் சிறைகளிலும் கேமரா வைக்கச் சொன்ன அதே உத்தரவில், அலுவல்சாராப் பார்வையாளர்களை நியமிப்பதைப் பரிசீலிக்கவும் சொன்னது. கேமராவைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். அடுத்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

வெளியாள் உள்ளே போனால் பாதுகாப்பு குலையும் என்பார்கள். செல்போனும் கஞ்சாவும் உள்ளே போவது நாற்பது வயதுத் தமிழாசிரியை ஒருவரின் கைப்பையில் அல்ல என்பது சிறைத்துறைக்கே தெரியும். 1990-இல், கொலை வழக்குகளில் கைதாகியிருந்த ஆட்டோ சங்கர் சென்ட்ரல் ஜெயிலிலிருந்து தப்பியதற்கு உதவியவர்கள் என்று தண்டிக்கப்பட்டோர் சிறைக்காவலர்கள். பார்வையாளர் யாரும் இல்லை. காவலர்களை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். ஆள் போதாமல், விடுப்பு கிடைக்காமல், ஒருவரே நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துக்கொள்கிற அந்த வேலையை நம்மில் பலர் ஒரு வாரம் செய்ய மாட்டோம். அவர்களுடைய குறையும் அந்தக் குறிப்பேட்டில்தான் ஏற வேண்டும்.

உள்ளே நடப்பதை வெளியே சொல்ல ஒரு வழி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சட்ட வரலாற்றிலேயே சான்று உண்டு. திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, தன் சக சிறைவாசி வதைக்கப்பட்டதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், நீதிமன்றங்கள் நியமிக்கும் வழக்கறிஞர்கள் சிறைக்குள் போய்ச் சிறைவாசிகளைச் சந்திக்கவும், புகார்ப் பெட்டி வைக்கவும் வழி பிறந்தது. சிறைக்குள் சாதிவாரியாக வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் செல்லாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்குக் காரணமும் ஒரு பத்திரிகையாளர் துருவி எழுதியதுதான். அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்படுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே, ஜாமர் எத்தனை என்று கேட்கிற தங்கள் நிருபர், அடுத்த முறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் போடும்படி வேண்டுகிறேன். நம் ஒன்பது மத்திய சிறைகளுக்கும் பெண்கள் தனிச் சிறைகளுக்கும் இன்று பதவியில் இருக்கும் அலுவல்சாராப் பார்வையாளர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு சிறையின் பார்வையாளர் குறிப்பேட்டிலும் கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தின் தேதி என்ன? பதிலை அப்படியே, தேதிகளை மட்டும், ஒரு பட்டியலாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
பெரம்பூர், சென்னை.